கடைசியாகப் புதுப்பித்தது: இன்று

ஜூலை 1, திங்கள்

புது மாசம், புதுத் தலைவலி. மதுரையில முடி நடுற கிளினிக் ஒண்ணை கூகுள்ல மேல ஏத்துற வேலை நம்ம கைக்கு வந்திருக்கு. இதுவரைக்கும் சென்னைக் கம்பெனி ஒண்ணு பாத்துச்சாம். எட்டு மாசம் பாத்து, ‘மதுரை முடி மாற்று சிகிச்சை’ன்னு தேடினா பதினாலாவதா வர்ற மாதிரி கொண்டு வச்சிருக்கானுவ. பதினாலுன்னா ரெண்டாம் பக்கம். ரெண்டாம் பக்கம் வரைக்கும் எவன் போறான்? முழுச் சொட்டை விழுந்தவன்கூடப் போகமாட்டான்.

முதலாளி ரெஜினால்ட் சார் வழக்கம்போல வாக்குக் குடுத்துட்டு வந்துட்டாரு. “இசக்கி, மாசக் கடைசிக்குள்ள முதல் மூணு இடத்துக்குள்ள வரணும்மா. டாக்டர்ட்ட சொல்லிட்டேன்.” சொல்றது அவரு, செய்றது நானு. அஞ்சு வருஷமா இதுதான் நடக்குது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில டயர் கடைக்கு மேல, ஃபேன் சத்தத்துக்குக் கீழ, மூணே பேரு. சாரு, நானு, முப்பிடாதி. தெருவுல கேட்டா நான் கம்ப்யூட்டர் சென்டர்ல டைப் அடிக்கிறேன்னு சொல்லுவாவ. எங்க வீட்டுக்காரரே அப்படித்தான் சொல்லுறாவ.

லிங்க் கட்டுறதுதான் என் வேலை. நல்ல பேரு உள்ள சைட்டுல இருந்து நம்ம ஆளு சைட்டுக்கு ஒரு லிங்க் விழுந்தா, கூகுள் நம்ம ஆளை மதிக்கும். பெரிய மனுஷன்ட்ட வாங்குற சிபாரிசு லெட்டர் மாதிரிதான்.

அந்தச் சென்னைக் கம்பெனி எதுன்னு சாயந்தரம்தான் தெரிஞ்சது. மூணு வருஷம் முந்தி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு, “உங்க இங்கிலீஷ்...”னு இழுத்து, சிரிச்சு, அனுப்பி வச்ச அதே ஆளுங்க. இருக்கட்டும். பதினாலுல விட்டுட்டுப் போயிருக்கீங்கள்ல, நான் மூணுல வைக்கிறேன், பாருங்க.

ஜூலை 3, புதன்

கிடைச்சிருச்சு! வருஷச் சந்தா கட்டாம விட்ட சைட்டெல்லாம் நின்னுபோயி, ரெண்டு மூணு மாசத்துல பேரு ஏலத்துக்கு வரும். தெனமும் காலையில அந்தப் பட்டியலைத்தான் முதல்ல பாப்பேன், மத்தவங்க பேப்பர் பாக்குற மாதிரி. பேரை நாம எடுத்துட்டா, அதுக்கு வர்ற லிங்க் எல்லாம் நமக்கு. இன்னைக்கு ஒண்ணு வந்துச்சு. ‘ஜெபக்கனி ரத்தக் குறிப்பு’.

பாம்பே குரூப்புன்னு ஒரு ரத்தம் இருக்காம். பாத்தா ஓ மாதிரியே தெரியுமாம், ஆனா ஓ ரத்தத்தை ஏத்தக்கூடாதாம். அதே குரூப் ஆளுதான் குடுக்கணுமாம், அப்படிப்பட்டவங்க ரொம்பக் கொஞ்சம். அவங்களைத் தேடிச் சேக்குறதுக்கு சாத்தான்குளம் பக்கம் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருத்தர் நடத்தின சைட்டு. அதுக்கு யாரெல்லாம் லிங்க் குடுத்திருக்காங்கன்னு பாத்தா, அம்மாடி! ஒரு மெடிக்கல் காலேஜ், ரெண்டு பத்திரிகை, அஞ்சாறு காலேஜோட என்.எஸ்.எஸ். பக்கம். காசு குடுத்தாலும் கிடைக்காத லிங்க் எல்லாம் அந்த மனுஷன் சும்மா வாங்கி வச்சிருக்காரு.

இதைப் போய் விட்டுட்டாரே, வெவரம் கெட்ட மனுஷன்.

ஜூலை 4, வியாழன்

ஏலத்துக்குப் போட்டியா ஒருத்தரும் வரல. பேரு நம்மளது. சிலிண்டரும் வந்துருச்சு. நல்ல நாளு.

ஜூலை 6, சனி

அரை நாள் ஆபீஸ்னு பேரு, மூணு மணி ஆச்சு.

வாங்கின பேரை வெறுமனே விடக்கூடாது. லிங்க் குடுத்தவங்க எட்டிப் பாத்தா பழைய சைட்டு அப்படியே இருக்கணும், இல்லன்னா லிங்க்கை எடுத்துருவாங்க. பழைய பக்கங்களை நகல் எடுத்து வைக்கிற இடம் இன்டர்நெட்ல இருக்கு. அதுல இருந்து கண்டக்டர் சைட்டை ஒவ்வொரு பக்கமா எடுத்து நட்டேன். பச்சைக் கலர், மூலையில மினுக்குற ரோஜாப்பூ, எல்லாம் அவரு வச்சபடியே. ரத்தம் குடுக்குற ஏழு பேரோட பேரு, ஊரு, நம்பர். கீழ, ‘ரத்தம் வேண்டுவோர் தயங்காமல் எந்நேரமும் அழைக்கவும். நான் இருக்கிறேன். இப்படிக்கு, ஞானதிரவியம், நடத்துநர் (பணி நிறைவு)’.

மூணு இடத்துலதான் கை வச்சேன். ‘ரத்தம் கொடுத்தால் முடி உதிருமா?’ன்னு நடுவுல ஒரு பத்தி எழுதி, அதுல இருந்து கிளினிக்குக்கு லிங்க். மேல ‘கடைசியாகப் புதுப்பித்தது’ன்னு இருந்த எடத்துல தெனமும் அன்னைக்குத் தேதி தானா விழுற மாதிரி வச்சேன். பழைய தேதியக் கண்டா எவனும் மதிக்கமாட்டான். அப்புறம் கண்டக்டர் நம்பரைத் தூக்கிட்டு நம்ம ஆபீஸ் வாட்ஸ்அப் நம்பர். நாளைக்கு இன்னொரு கிளினிக்காரன் லிங்க் கேட்டு வந்தா நம்மட்டதானே வரணும்.

தூக்கின நம்பரை எக்செல்ல ‘நீக்கியவை’ ஷீட்ல எழுதி வச்சேன். என் வேலை எப்பவும் சுத்தமா இருக்கும்.

ஜூலை 10, புதன்

பதினொண்ணு. முதல் பக்கத்துக்கு இன்னும் ஒரு படி.

ஆபீஸ் போனுக்கு முப்பிடாதி தானாப் பதில் போற மாதிரி வச்சிருக்கான். ‘வணக்கம்! எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. எங்கள் குழு 24 மணி நேரத்திற்குள் உங்களை அழைக்கும்.’ கீழ ஒரு கும்பிடு பொம்மை. “எந்தக் குழுலே?”ன்னு கேட்டேன். “நீங்களும் நானுந்தான் அக்கா குழு”ங்கான். நல்ல குழுதான்.

இட்லி மாவு புளிச்சிருச்சு. மூணு நாளா தோசைதான்.

ஜூலை 12, வெள்ளி

“அக்கா, ரத்தம் கேட்டு ஒரு ஆளு மெசேஜ் போட்டிருக்காரு”ன்னான் முப்பிடாதி. பேரு வேல்சாமி, எட்டயபுரம் பக்கம். சம்சாரத்துக்கு எட்டு மாசமாம், இப்பத்தான் பாம்பே குரூப்புன்னு கண்டுபிடிச்சிருக்காங்களாம். இருபத்தஞ்சாம் தேதி ஆபரேஷன், ரெண்டு யூனிட் தயாரா வச்சாத்தான் கை வைப்போம்னு சொல்லிருக்காங்களாம்.

“ஏழு நம்பர்தான் பக்கத்துலயே இருக்கே, கூப்பிட்டுக்கிடுவாரு. நீ வேலையப் பாரு”ன்னேன். ஆபரேஷனுக்கு இன்னும் பதிமூணு நாள் கெடக்கு.

ஜூலை 15, திங்கள்

ஏழு! முதல் பக்கம்! சார் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்தாரு, எனக்கு முட்டை பப்ஸ். “சென்னைக்காரன் எட்டு மாசத்துல செய்யாததை எங்க இசக்கி ரெண்டு வாரத்துல செஞ்சிருக்கா”ன்னு டாக்டர்ட்ட போன்ல சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அஞ்சு வருஷத்துல இப்பத்தான் என் பேரை வெளியாள்ட்ட சொல்லிருக்காரு.

வேல்சாமிட்ட இருந்து சனிக்கிழமை ஒரு மெசேஜ், இன்னைக்கு ஒரு மெசேஜ். ரெண்டுக்கும் கும்பிடு பொம்மை போயிருக்கு.

ஜூலை 17, புதன்

இன்னைக்கு நானே பதில் போட்டேன், மனசு கேக்கல. ‘பட்டியலில் உள்ள எண்களை அழைத்துப் பாருங்கள் சார்.’

ஒரு நிமிஷம்கூட ஆகல, போனே பண்ணிட்டாரு. சின்னக் குரலு. இருபத்தெட்டு, முப்பது வயசுதான் இருக்கும்.

“மேடம், ஏழு பேருக்கும் அன்னைக்கே போட்டுப் பாத்துட்டேன். நாலு நம்பர் உபயோகத்துலயே இல்ல. ஒருத்தர் துபாய்ல இருக்காரு. ஒருத்தர் செத்து மூணு வருஷமாச்சாம், அவரு மகள் எடுத்துச்சு. இன்னொண்ணு எடுக்கவே மாட்டேங்குது. சரி, வேற ஆளு பாத்துக்கிட்டு இருக்கீங்க போலன்னு நினைச்சேன். தெனமும் புதுப்பிச்சதுன்னு தேதி போட்டிருக்கீங்கள்ல மேடம்?”

“ஆமா.”

“உங்க குழு கூப்பிடும்னு வந்துச்சுல்லா, அதை ஆஸ்பத்திரியிலயும் காட்டிட்டேன். அவங்களும் ரெண்டு மூணு இடத்துல கேட்டாங்க, இல்லன்னுட்டாங்க. நீங்க பாத்துக்கிடுவீங்கன்னுதான் இருக்கோம். அனுஷியாட்டயும் சொல்லிட்டேன், பயப்படாத, அதுக்குன்னே ஆளு இருக்காங்கன்னு.”

அனுஷியா, அவரு சம்சாரம் பேரு. அந்தப் பேரு என் காதுல விழுந்திருக்கவே வேண்டாம்.

“பாக்கிறோம் சார்”னேன். பாக்கிறோமாம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொன்னேனோ.

ஜூலை 18, வியாழன்

சார்ட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் கெட்ட மனுஷன் இல்ல, லேப்டாப்பை மூடி வச்சுட்டுத்தான் கேட்டாரு.

“அந்தப் பக்கத்தை எடுத்துட்டா அவருக்கு ரத்தம் கிடைச்சிருமா இசக்கி?”

“கிடைக்காது சார்.”

“பின்ன? முப்பத்தொண்ணாம் தேதி ரிப்போர்ட் போகட்டும். ஒண்ணாம் தேதி நீயே எடுத்துரு. இப்ப எடுத்தா கிளினிக்கு திரும்பப் பதினாலுக்குப் போயிரும். சென்னைக்காரன் சிரிப்பான்.”

சென்னைக்காரன் சிரிப்பான்னு சொன்னா நான் அடங்கிருவேன்னு அவருக்குத் தெரியும். சரின்னேன். அவரு கேட்டதும் நியாயந்தானே?

அஞ்சாவது இடம்.

ஜூலை 20, சனி

ரெண்டு மணிக்கு ஆபீஸ் பூட்டியாச்சு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு, பட்டியல்ல உள்ள ஏழு நம்பருக்கும் என் போன்ல இருந்து நானே போட்டேன். வேல்சாமி சொன்னது அத்தனையும் சரி. அந்தச் செத்தவரோட மகள், “இன்னும் எத்தன பேருதான் எங்கப்பாவைக் கேப்பீங்க? இந்த நம்பரை எடுத்துத் தொலைங்க”ன்னு ஏசிட்டு வச்சிருச்சு. நல்லா ஏசட்டும்.

எட்டாவதா ஒரு நம்பர் இருக்கு. கண்டக்டரோடது. அது ஆபீஸ் எக்செல்ல கெடக்கு. ஏழு வருஷத்துப் பழைய சைட்டு, ஏழு நம்பரும் போச்சு, அது மட்டும் உசுரோட இருக்கவா போகுது? சந்தா கட்ட மறந்த மனுஷன் போனுக்கு மட்டும் காசு போட்டுக்கிட்டு இருப்பாராக்கும். ஆபரேஷன் இருபத்தஞ்சாம் தேதிதான். திங்கக்கிழமை போய்ப் பாத்துக்கலாம்.

ஜூலை 21, ஞாயிறு

வீட்டுக்காரரோட சித்தப்பா மவனுக்குக் கல்யாணம். பாயசம் நல்லாருந்துச்சு. எனக்குத் தலைவலி. போன்ல சார்ஜ் இல்ல.

ஜூலை 22, திங்கள்

ஆபீஸ் போனு சனிக்கிழமையில இருந்து டிராயர்ல கெடந்துச்சு. திறந்ததும் பாத்தேன். எல்லாம் நேத்து வந்தது.

காலை 7.52. ‘மேடம் அனுஷியாவுக்கு திடீர்னு ரத்தம் போகுது. இன்னைக்கே ஆபரேஷன்ங்கிறாங்க. அவசரம்.’

7.52. ‘வணக்கம்! எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி.’

9.30. ‘யாராச்சும் இருக்கீங்களா மேடம். ஒரு யூனிட் கிடைச்சாக்கூட போதும்ங்கிறாங்க.’

9.30. ‘எங்கள் குழு 24 மணி நேரத்திற்குள் உங்களை அழைக்கும்.’

நடுவுல பதினாலு மிஸ்டு கால்.

மாலை 4.40. ‘பொம்பளப் புள்ள. நல்லாருக்கு. இனி ரத்தம் வேண்டாம் மேடம். இவ்வளவு நாள் தேடுனதுக்கு நன்றி.’

அதுக்கும் கும்பிடு பொம்மை போயிருக்கு.

முப்பிடாதி எட்டிப் பாத்துட்டு, “அக்கா, புள்ள நல்லாருக்காம்ல?”ன்னான். அவனுக்குப் புரிய கொஞ்ச நேரமாச்சு. அப்புறம் போய் அவன் சேர்ல உக்காந்துட்டான்.

நான் எக்செல்லைத் திறந்து, ‘நீக்கியவை’ ஷீட்ல இருந்த நம்பரைப் பாத்தேன். எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியல. செத்த நம்பர்னு தெரிஞ்சுட்டா நிம்மதின்னு நினைச்சேன். உபயோகத்தில் இல்லைன்னு ஒரு பொம்பள குரல் சொல்லணும்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டே போட்டேன்.

ரெண்டாவது ரிங்குல எடுத்துட்டாரு.

“ஹலோ, ரத்தமா? எந்த ஆஸ்பத்திரி? எத்தன யூனிட்டு வேணும்?”

நான் ஷீட்ல இருந்த நம்பரைத் திரும்பவும் பாத்தேன்.

“பதறாம சொல்லு தாயி. கெடைச்சிரும். நம்மட்ட ஆளு இருக்கு.”

“இல்ல அண்ணாச்சி. சும்மா... நம்பர் சரிதானான்னு பாக்கக் கூப்பிட்டேன். உங்க வெப்சைட்டு...”

“அதை என் மவன்லா பாக்கான்! மஸ்கட்டுல இருக்கான். நானும் எப்பமாது போன்ல தொறந்து பாப்பேன், எழுத்துதான் பொடிசா இருக்கு, கண்ணு எட்ட மாட்டேங்கு. ஆனா பாத்தியா, இப்பம் தெனமும் தேதி மாத்துதான்! முந்தி வருஷத்துக்கு ஒருக்க தொடமாட்டான். பொறுப்பு வந்துட்டு பயலுக்கு. நடுவுல முடிய பத்தி என்னமோ போட்டிருக்கான், அதுதான் எதுக்குன்னு வெளங்கல.”

“அந்த ஏழு பேரு...”

“அதெல்லாம் பழசு தாயி. சும்மா ஒரு நம்பிக்கைக்குக் கெடக்கு. உள்ள ஆளு எல்லாம் என் நோட்டுல இருக்காவ. பதினோரு பேரு. மாசம் ஒருக்க நானே போன் போட்டு, ஊர்ல இருக்கியா, ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டு வச்சுக்கிடுவேன். யாரும் கேட்டா நானே பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவேன். கோவில்பட்டியில ஒருத்தன், தூத்துக்குடியில ரெண்டு பேரு. சொன்னா ரெண்டு மணி நேரத்துல வந்து நிப்பானுவ.”

கோவில்பட்டி. எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊரு.

“ஜெபக்கனி யாரு அண்ணாச்சி?”

“தங்கச்சி. அவளுக்குக் கெடைக்காமப் போச்சு. எனக்கும் அதே குரூப்புன்னு பெறவுதான் தெரிஞ்சுது. அதான் இந்த நம்பரை நான் மாத்தவே இல்ல. எல்லா எடத்துலயும் குடுத்து வச்சிருக்கேன்லா.” அப்புறம் சொன்னாரு: “மூணு மாசமா ஒரு போனும் வரல தாயி. முந்தி மாசத்துக்கு ரெண்டு மூணு வரும். சரி, இப்பம் எல்லாருக்கும் கெடைச்சிருது போலன்னு நெனச்சுக்கிட்டேன். நல்லதுதான?”

“நல்லதுதான் அண்ணாச்சி”ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அப்படித்தான் சொன்னேன்.

நேத்து என் போன்ல சார்ஜ் இருந்துச்சு. எண்பது பர்சன்ட். பழைய நகலை எக்செல் இல்லாமலே, கல்யாண வீட்டுல உக்காந்தே திறந்து அந்த நம்பரைப் பாத்திருக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. அந்த வேலையில எனக்கு மிஞ்சின ஆளு திருநெல்வேலியில கிடையாது. சனிக்கிழமையே பாத்திருக்கலாம். அவரு எடுத்துருவாரோங்கிற பயத்துலதான் பாக்கல. எடுத்துட்டாருன்னா நான் செஞ்சது என்னன்னு ஆயிரும்ல.

ஜூலை 23, செவ்வாய்

காலையில சார் வர்றதுக்கு முந்தியே போய் மூணையும் மாத்தினேன். முடிப் பத்தியத் தூக்கினேன். தானா விழுற தேதியை நிறுத்தினேன். ஞானதிரவியம் அண்ணாச்சி நம்பரைத் திருப்பிப் போட்டேன், பெரிய எழுத்துல. ஆபீஸ் போன்ல கும்பிடு பொம்மையையும் எடுத்துட்டேன்.

பதினோரு மணிக்கு சார் பாத்துட்டாரு. கத்தினாரு. அப்புறம் அனுஷியா போய்ச் சேந்ததைச் சொன்னேன். உக்காந்துட்டாரு. கண்ணைத் துடைச்சாரு, பொய் சொல்லக்கூடாது, நெசமாவே துடைச்சாரு. துடைச்சுட்டு, “இன்னும் எட்டு நாள்தான் இசக்கி”ன்னுட்டு, பத்தியையும் தேதியையும் அவரே திருப்பி வச்சாரு.

“நம்பர் இருக்கட்டும்மா. கண்டக்டர் நம்பரே இருக்கட்டும். அது ரேங்க்கை ஒண்ணும் பண்ணாது.”

ஒண்ணும் பண்ணாதாம். எனக்கும் அது தெரியும். ஆறாம் தேதி அதைத் தொடாம விட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்காது.

ஜூலை 24, புதன்

ஆபீசுக்குப் போகல. துணி துவைச்சேன். காய்ஞ்சதைத் திரும்பவும் துவைச்சேன்.

ஜூலை 31, புதன்

ரெண்டாவது இடம். சொன்னது மூணு, வந்தது ரெண்டு. டாக்டர் ஒரு பெட்டி நிறைய ஷாம்பு அனுப்பி வச்சிருக்காரு, மேல என் பேரு எழுதி. சென்னைக் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு மெயில் போட்டிருக்கு, வந்து சேர முடியுமான்னு. இங்கிலீஷ்ல ரெண்டு தப்பு இருந்துச்சு. முந்தியா இருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

நாலு மணிக்கு ஆபீஸ் போன் சத்தம் குடுத்துச்சு. வேல்சாமி.

‘மேடம், பாப்பாவுக்கும் அம்மா குரூப் இருக்கான்னு பாக்கச் சொல்லிருக்காங்க. இருந்துச்சுன்னா உங்க பட்டியல்ல அவ பேரையும் போடுங்க. பெரியவளானதும் குடுப்பா. நான் ஓ பாசிட்டிவ், என்னால அனுஷியாவுக்கும் குடுக்க முடியல. நீங்க எல்லாம் சம்பளம் வாங்காம இப்படி ஒரு காரியம் செய்றது பெரிய விஷயம் மேடம்.’

தானாப் போற பதில் இப்ப இல்ல. நானாத்தான் எழுதணும். எழுதி எழுதி அழிச்சேன். ‘மன்னிச்சிருங்க’ன்னு எழுதினேன், எதுக்குன்னு கேப்பாரேன்னு அழிச்சேன். முப்பிடாதி கேட்டான், “சொல்லிரப் போறீங்களா அக்கா?” என்னத்தைச் சொல்ல, எந்த வாயால சொல்ல.

கடைசியா ஞானதிரவியம் அண்ணாச்சியோட பேரையும் நம்பரையும் அடிச்சேன். ‘பட்டியலை நடத்துறது இவர்தான் சார். நான் இல்லை. இவரிடம் பேசுங்கள்.’

எனக்குத் தெரியும். வேல்சாமி கூப்பிடுவாரு. அண்ணாச்சி ரெண்டாவது ரிங்குல எடுத்து, ரத்தமா, எந்த ஆஸ்பத்திரி, எத்தன யூனிட்டும்பாரு. இல்லய்யா, போன ஞாயித்துக்கிழமைக்கு முந்துன ஞாயித்துக்கிழமைன்னு இவரு ஆரம்பிப்பாரு. கோவில்பட்டிக்காரன் பேரு வரும். என் நம்பர் எங்க இருந்துச்சுன்னு அவரும், வேற நம்பர்தானே போட்டிருந்துச்சுன்னு இவரும் கேட்டுக்கிடுவாங்க. கால் மணி நேரம் போதும், ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிரும்.

அனுப்பிட்டேன். போனை மேசை மேல வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சு நிமிஷத்துல ரெண்டு டிக்கும் நீலமாச்சு.